சவரக்கத்திக்குக் கூர் ஏற்றும் முறை: புதிதாகக் கற்பவர்களுக்கு

சவரக்கத்தி என்று இங்கே நான் குறிப்பிடுவது பிளேடு மாற்றிக்கொள்ளும் வகையை அன்று. அலகே கத்தியாக இருந்து, கூர் குறையும்போதெல்லாம் கல்லில் தீட்டிப் பயன்படுத்த வேண்டிய மடக்குக் கத்தியை. இந்தக் கத்தியால் மழிக்கப் பழகுவதற்கு ஒரு மாதம் போதும். அதைத் தீட்டப் பழகுவதற்கு அதைவிடக் கூடுதல் காலம் ஆகும். ஆனால் இதில் கைராசி என்று எதுவும் இல்லை. எந்தக் கட்டத்தில் எதைச் சோதிக்க வேண்டும் என்று தெரிந்து, அந்தச் சோதனையில் தேறாமல் அடுத்த கட்டத்திற்குப் போகாமல் இருப்பவருக்கு இந்த வேலை கட்டாயம் வசப்படும். அந்தச் சோதனைகளையே இந்தக் கட்டுரையில் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் கத்தியின் உறுப்புகளுக்குப் பெயர் வைத்துக்கொள்வோம். வெட்டும் ஓரம் வாய். அதற்கு எதிரே உள்ள தடித்த பகுதி முதுகு. வாயில் பிடிக்கு அருகில் உள்ள பக்கம் அடி, மறுபக்கம் நுனி. அலகுக்கும் பிடிக்கும் நடுவே விரல் வைத்துப் பிடிக்கும் குறுகிய பகுதி காம்பு. சமையலறைக் கத்தியைத் தீட்டும்போது எத்தனை பாகை சாய்த்துப் பிடிப்பது என்பதைக் கைதான் முடிவு செய்கிறது. சவரக்கத்தியில் அந்தக் கவலை இல்லை. முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லில் படியும்படி அலகைக் கிடையாக வைத்தால், முதுகின் தடிமனே சாய்வைத் தீர்மானித்துவிடுகிறது. முதுகு 5 மி.மீ. தடிமனும், முதுகிலிருந்து வாய் வரை அகலம் 18 மி.மீ. உம் இருந்தால், இரண்டு பக்கச் சரிவுகளும் வாயில் கூடும் கோணம் ஏறக்குறைய 16 பாகையாக இருக்கும். ஆகவே, தீட்டும் நேரம் முழுவதும் முதுகு கல்லை விட்டு எழவே கூடாது என்பதுதான் முதல் விதி. எந்தக் கட்டத்திலும் இதற்கு விலக்கு கிடையாது.

தொடங்குபவர் இரண்டு கத்திகள் வைத்துக்கொள்வது நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஒன்று, அனுபவமுள்ளவர் தீட்டி, உடனே மழிக்கத் தக்கதாகக் கொடுத்தது. அதை முகத்தில் வைத்துப் பார்த்தால்தான் நல்ல கூர் எப்படி இருக்கும் என்பது தோலுக்குத் தெரியும், அது தெரியாமல் தீட்டுவது சேரவேண்டிய ஊர் தெரியாமல் நடப்பதைப் போன்றது. மற்றொன்று, பயிற்சிக்கென்று வாங்கும் பழைய கத்தி. ஜெர்மனியின் சோலிங்கன், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஆகிய ஊர்களில் செய்யப்பட்ட பழைய கத்திகள் பெரும்பாலும் நல்ல எஃகு உடையவை. வாங்கும்போது மூன்றைப் பாருங்கள்: வாயில் பல் விழுந்திருக்கக் கூடாது, வாயோரமாகக் கறுப்புப் புள்ளிகளாகத் துரு அரித்திருக்கக் கூடாது, ஏனெனில் அந்த இடம் தீட்டத் தீட்ட உதிரும், தட்டையான கண்ணாடியின் மேல் கிடத்தினால் அலகு ஆடக் கூடாது. மேற்பரப்பில் மட்டும் படிந்த துருவும் மங்கலும் பொருட்டல்ல. அலை அலையாகக் கோலமிட்ட அலகோடு மிக மலிவாக விற்கும் அலங்காரக் கத்திகளைத் தவிர்த்துவிடுங்கள். அவற்றில் பலவற்றின் எஃகு கூரைத் தாங்காது, பழியோ கற்பவரின் கைமேல் விழும். பிறர் பயன்படுத்திய கத்தியை வாங்கினால், சோப்பு நீரால் கழுவி, 70 சதவீத ஆல்கஹாலால் நன்றாகத் துடைத்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

எந்த நிலையிலும் சவரக்கத்தியைச் சுழலும் சாணைச் சக்கரத்தில் கொடுக்காதீர்கள். வாயோரத்தில் எஃகு தாளைப் போல மெல்லியதாக இருப்பதால், ஒரு நொடியில் சூடேறிவிடும். ஏறத்தாழ 200 பாகை செல்சியஸைத் தாண்டினாலே அதன் கடினம் இறங்கத் தொடங்கும். நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடம் இனிக் கூர் நிற்காது.

கற்களும் அவற்றைச் சமன்செய்தலும்

தொடக்கத்திற்கு 1000, 4000, 8000, 12000 ஆகிய நம்பர்களில் செயற்கைக் கற்கள் இருந்தால் போதும். நம்பர் ஏற ஏறக் கல்லின் துகள் நுண்மையாகிறது: ஜப்பானியத் தர அளவின்படி 1000 நம்பர் கல்லின் துகள் சராசரியாக 11.5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 4000இல் 3 மைக்ரான், 8000இல் 1.2 மைக்ரான். ஒருபக்கம் 4000, மறுபக்கம் 8000 என்று ஒட்டிய இரட்டைக் கல்லும் கிடைக்கிறது. நார்ட்டன் நிறுவனத்தின் அத்தகைய கல்லில் பழகியவர்கள் ஏராளம். 70 மி.மீ. அகலமும் 200 மி.மீ. நீளமும் உள்ள கல் வசதியானது. சில கற்களை நீரில் ஊறவைக்க வேண்டும், சிலவற்றின் மேல் நீர் தெளித்தாலே போதும்; தெளிக்க வேண்டிய கல்லை ஊறப்போட்டால் சில வகைகள் விரிசல் விடும் என்பதால், உங்கள் கல்லோடு வந்த குறிப்பை ஒருமுறை படித்துவிடுங்கள்.

புதுக் கல் தட்டையாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். முதுகும் வாயும் சேர்ந்து படிவதை நம்பியே இந்த வேலை முழுவதும் நடப்பதால், கல்லின் நடுவில் சிறு பள்ளம் இருந்தாலும் வாயின் ஒரு பகுதி கல்லைத் தொடாமலே போய்விடும். கல்லின் முகத்தில் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போடுங்கள். தடித்த கண்ணாடித் துண்டின் மேல் 220 அல்லது 320 நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்து ஒட்டவைத்து, அதன்மேல் கல்லைக் கவிழ்த்து நீர் விட்டுத் தேயுங்கள். ஓரக் கோடுகள் அழிந்து நடுக் கோடுகள் நின்றால் நடுவில் பள்ளம் என்று பொருள். எல்லாக் கோடுகளும் அழியும் வரை தேய்க்க வேண்டும். பிறகு கல்லின் நான்கு விளிம்புகளையும் லேசாக உருட்டிவிடுங்கள், கூரான விளிம்பு அலகைக் கீறும். இதே வேலைக்கு வைரத் துகள் பதித்த தகடும் உண்டு, ஆண்டுக்கணக்கில் உழைக்கும்.

முதுகில் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டலாமா என்பதில் தீட்டுபவர்களிடையே இரண்டு கட்சிகள் இருக்கின்றன. டேப் முதுகு தேயாமல் காக்கும், 0.15 மி.மீ. தடிமனுள்ள டேப் கோணத்தை ஏறத்தாழ 1 பாகை கூட்டும். கற்பவர் 1000 நம்பர் கல்லில் நெடுநேரம் செலவிட நேரும் என்பதால், ஒட்டிக்கொள்வதே நல்லது என்பேன். ஆனால் ஒட்டித் தொடங்கினால் கடைசிக் கல் வரை ஒட்டியே தீட்ட வேண்டும்; கல் மாற்றும்போதெல்லாம் டேப்பையும் மாற்ற வேண்டும்.

1000 நம்பர் கல்: எல்லாம் இங்கேதான் தீர்மானமாகிறது

கூர் என்பது இரண்டு சரிவுகள் இடைவெளியின்றி ஒரு கோட்டில் சந்திப்பது, அவ்வளவுதான். அந்தச் சந்திப்பு உருவாக வேண்டியது 1000 நம்பர் கல்லில். பின்னால் வரும் கற்கள் அதை மெருகேற்றும், உருவாக்கித் தரமாட்டா. புதியவர்கள் தோற்கும் இடமும் இதுவே.

கல்லை வழுக்காத அடித்துணியின் மேல் வைத்து, அதன் முகத்தில் நீர் தேங்கி நிற்கும்படி விடுங்கள். கத்தியின் பிடியை முழுவதும் விரித்துவிட்டு, காம்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, ஒரு பேனாவை உருட்டுவதற்குப் பிடிப்பது போலத் தளர்வாகப் பிடியுங்கள். அலகைக் கல்லின் ஒரு முனையில் கிடத்தி, வாய் முன்னே செல்லும்படி தள்ளுங்கள். கல்லின் மேல் மெல்லிய ஒரு படலத்தைச் சீவி எடுக்க முயல்வதைப் போன்ற அசைவு இது. வாயின் நீளமும் கல்லின் அகலமும் ஏறக்குறைய சமமாக இருக்குமாதலால், தள்ளும்போதே அலகைக் குறுக்காகவும் இழுக்க வேண்டும்: தொடங்கும்போது அடிப்பகுதி கல்லில் இருக்க, முடியும்போது நுனி கல்லின் ஓரத்தில் இருக்கும். முனையை அடைந்ததும் அலகை முதுகின் மேலேயே புரட்டி, மறுபக்கத்தைக் கிடத்தி, அதே குறுக்குப் பாதையில் திரும்ப இழுங்கள். இரண்டு பாதைகளும் சேர்ந்து பெருக்கல் குறி போல அமையும். வாயின் மேல் புரட்டினால் அதுவரை செய்த வேலை அந்த நொடியே வீண், எனவே புரட்டுவதை மட்டும் கல் இல்லாமல், மேசைமேல் விரித்த துணியில் ஐம்பது முறை செய்து பழகிக்கொள்ளுங்கள்.

மழுங்கிய கத்திக்கு இந்த நீள ஓட்டம் மட்டும் போதாது. அலகின் மேல் மறுகையின் இரண்டு விரல்களை முதுகை ஒட்டி லேசாக வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்தில் 30 சிறு வட்டங்கள், மறுபக்கத்தில் 30 வட்டங்கள், பிறகு 10 நீள ஓட்டங்கள் என்று ஒரு சுற்றாக வைத்துக்கொள்ளலாம். இருபக்கமும் ஒரே எண்ணிக்கையில் நடப்பது முக்கியம். அழுத்தம் என்று நான் சொல்வது விரலின் எடையைத்தான். அதற்கு மேல் அழுத்தினால் மெல்லிய அலகு வளைந்து, வாய் கல்லைவிட்டு எழுந்துவிடும், அல்லது வாயோரத்தில் பிசிறு கிளம்பும். எத்தனை சுற்று என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. நல்ல நிலையில் உள்ள கத்திக்கு இருபது நிமிடம் போதும், கெட்டுப்போன கத்திக்கு ஒரு மாலைப் பொழுது முழுவதும் ஆகலாம்.

எண்ணிக்கையை நம்பாமல் சோதனையை நம்புங்கள். முதல் சோதனை மார்க்கர் பேனா: இரு சரிவுகளிலும் கறுப்பு மை பூசி, இரண்டு மூன்று ஓட்டம் ஓட்டிப் பாருங்கள். வாயின் கோடு வரைக்கும் மை அழிந்திருந்தால் கல் அங்கே தொடுகிறது; மயிரிழை அகலத்திற்கு மை மிஞ்சி நின்றால், அந்த இடத்தில் நீங்கள் இன்னும் வாயைச் சேரவில்லை. இரண்டாவது சோதனை விளக்கு: பிரகாசமான ஒற்றை விளக்கின் கீழ் வாய் உங்களை நேராகப் பார்க்கும்படி கத்தியை நிமிர்த்தி, மெதுவாக ஆட்டிப் பாருங்கள். கூர்ந்த வாயில் ஒளி திரும்பாது, அது கறுத்த கோடாகத் தெரியும். எங்காவது ஊசிமுனைப் புள்ளியாகவோ சிறு வெள்ளிக் கம்பியாகவோ ஒளி மின்னினால், அங்கே வாய் தட்டையாக இருக்கிறது. 10 மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸ் இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். மூன்றாவது, முன்கை மயிர்: தோலை ஒட்டி, அழுத்தாமல் ஓட்டினால் மயிர் விழ வேண்டும். அடி, நடு, நுனி என்று மூன்று இடத்திலும் தனித்தனியே பாருங்கள். கட்டைவிரல் நகத்தில் வாயை இழுத்துப் பதம் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. நுண்கற்களுக்குப் போன பின் அப்படிச் செய்தால் வாய் கெடும், ஆகவே அந்தப் பழக்கமே வேண்டாம்.

நான் கற்றுக்கொண்ட நாட்களில், நடுப்பகுதி மயிரை எடுத்ததைக் கண்டு மகிழ்ந்து, அடிப்பகுதியைச் சோதிக்காமலே 8000க்குப் போய்விட்டேன். நடுவில் சுகமாகவும் அடியில் இழுப்பாகவும் இருந்த அந்தக் கத்தியை மூன்று வாரங்கள் நுண்கற்களிலேயே தேய்த்துக்கொண்டிருந்தேன். சரிவு கண்ணாடியாகப் பளபளத்தது, அடிப்பகுதி மட்டும் வெட்டவே இல்லை. கடைசியில் மார்க்கர் பூசிப் பார்த்தபோது, அடியிலிருந்து இரண்டு விரற்கடை நீளத்திற்கு வாயோரத்தில் கறுப்புக் கோடு அப்படியே நின்றது. 1000 நம்பர் கல்லுக்குத் திரும்பிப் போய் அரைமணி நேரம் உழைத்ததும் மூன்று வாரச் சிக்கல் தீர்ந்தது. பளபளப்பு வேறு, கூர் வேறு என்பதை நான் அறிந்தது அந்தக் கறுப்புக் கோட்டைப் பார்த்துத்தான்.

நுண்கற்கள்

சரிவுகள் சந்தித்த பிறகு வேலை எளிது. கத்தியையும் கையையும் கழுவுங்கள். முந்தின கல்லின் ஒரு துகள் ஒட்டியிருந்தாலும் அடுத்த கல்லில் அது கீறும். 4000இல் விரல் எடையைக் குறைத்து 40, 50 நீள ஓட்டங்கள். நோக்கம், 1000 நம்பர் கல் விட்டுச்சென்ற ஆழமான கீறல்களை நீக்கி, அந்த இடத்தில் நுண்ணிய கீறல்களை வைப்பது. லென்ஸில் பார்த்தால் பழைய கீறல்கள் மறைந்ததா என்பது தெரியும், மறையும் வரை தொடருங்கள். 8000இலும் அவ்வாறே, அழுத்தம் இன்னும் குறைய வேண்டும்.

இந்தக் கட்டத்தில் கண்ணைக் கல்லின் மேலிருக்கும் நீரில் வையுங்கள். அலகு முன்னே செல்லும்போது வாயின் முன் நீர் ஒரு சிறு அலையாகத் தள்ளப்படும். வாய் முழுதும் கல்லில் ஒட்டிச் சென்றால் அந்த நீர் அடியிலிருந்து நுனி வரை ஒரே சீராக அலகின் மேல் ஏறும். ஓரிடத்தில் மட்டும் நீர் வாய்க்கு அடியில் நழுவிப் போனால், அந்த இடம் கல்லைத் தொடவில்லை. கல்லின் சமத்தையோ உங்கள் கையின் சாய்வையோ பாருங்கள். வேலை நிறைவை நெருங்கும்போது, அலகு கல்லோடு ஒட்டி உறிஞ்சப்படுவது போன்ற உணர்வு விரலுக்குத் தெரியும். 12000இல் கத்தியின் சொந்த எடை மட்டுமே போதும், 20 அல்லது 30 ஓட்டங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இன்னும் கொஞ்சம் என்று தொடர்வதால் கூர் ஏறாது. வாய் அளவுக்கு மீறி மெலிந்து பிசிறாகும்.

இயற்கைக் கற்களின் மேல் ஆசை வருவது இயல்பு. பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் வெட்டி எடுக்கப்படும் மஞ்சள் நிற கோட்டிக்யூல் கல்லில், எஃகைத் தேய்ப்பது அதனுள் நிறைந்திருக்கும் நுண்ணிய கார்னெட் மணிகள். சிறு துண்டுக் கல்லால் அதன் முகத்தைத் தேய்த்துப் பால் போன்ற குழம்பு எடுத்தால் வேகமாக அரிக்கும். நீர் சேர்த்துக் குழம்பை நீர்க்கச் செய்யச் செய்ய மென்மையாகும். அருமையான கல்தான். என்றாலும் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு குணம் உடையது என்பதால், செயற்கைக் கற்களில் கை படிந்த பின் அதற்குப் போவதே முறை.

தோல்வார்

தோல்வார் என்பது கல்லில் தீட்டிய வாயைக் கடைசியாக நேராக்கி மெருகேற்றும் தோல் பட்டை. கல்லில் வாய் முன்னே சென்றது; தோல்வாரில் முதுகு முன்னே செல்ல வேண்டும், வாய் பின்தொடர வேண்டும். திசை மாறினால் வாய் தோலை வெட்டிவிடும், தோலும் போகும் கூரும் போகும். வாரின் ஒரு முனையைக் கொக்கியில் மாட்டி, மறுமுனையைத் தொய்வில்லாமல் இழுத்துப் பிடியுங்கள். தொய்ந்த வார் வாயைச் சுற்றி வளைந்து அதை உருட்டிவிடும். அலகைக் கிடத்தி, முதுகு முன்னாகத் தள்ளி, முனையில் முழுவதுமாக நிறுத்திய பிறகு முதுகின் மேல் புரட்டி, திரும்ப இழுங்கள். நின்று புரட்டுவதா, புரட்டிக்கொண்டே திரும்புவதா என்பதில்தான் தோலில் விழும் வெட்டுகள் எல்லாம் அடங்கியிருக்கின்றன. வேகம் தானாக வரட்டும். தொடக்கத்தில் மூச்சு விடும் நிதானத்தில் செய்யுங்கள். முதலில் தோலோடு இணைந்து வரும் துணிப்பட்டையில் 30 முறையும் பிறகு தோலில் 60 முறையும் போய்வருவது போதுமான அளவு. கல்லிலிருந்து வந்தவுடனும், அதன்பின் ஒவ்வொரு சவரத்திற்கு முன்பும் இதைச் செய்ய வேண்டும். கற்பவர் கல்லைத் தொடுவதற்கு முன்பே தோல்வாரில் பழகிவிடுவது நல்லது, ஏனெனில் நன்றாகத் தீட்டிய வாயைப் பத்தே ஓட்டங்களில் மழுக்கிவிட ஒரு தவறான கையால் முடியும்.

இனி முகம். கன்னத்தில் மட்டும், தோலை இழுத்துப் பிடித்து, ஏறக்குறைய 30 பாகைச் சாய்வில் ஓட்டிப் பாருங்கள். வாய் முழுவதும் மயிரை இழுத்தால் 8000க்குத் திரும்புங்கள். ஓரிடம் மட்டும் இழுத்தால் அந்த இடத்தில் சரிவு சேரவில்லை, மார்க்கரோடு 1000க்குப் போக வேண்டும். நன்றாக வெட்டுகிறது, ஆனால் தோல் எரிகிறது என்றால் வாயில் பிசிறு நிற்கிறது. 8000இல் அழுத்தமே இல்லாமல் சில ஓட்டங்கள் ஓட்டி, 12000ஐ முன்பைவிடக் குறைவாகக் கொடுத்து, மறுபடி தோலுக்கு வாருங்கள். முதல் முறையிலேயே இதில் ஒன்று நேர்வது வழக்கம்தான், இரண்டாவது கத்தி கையிலிருப்பதன் பயன் அப்போது தெரியும்.

ஒருமுறை நன்றாகத் தீட்டிய கத்திக்கு 1000 நம்பர் கல் மீண்டும் நெடுங்காலம் தேவைப்படாது. தோல்வார் மட்டுமே போதாமல் இழுப்புத் தெரியத் தொடங்கும்போது, 12000இல் 15, 20 ஓட்டங்களோ, 0.5 மைக்ரான் குரோமியம் ஆக்சைடு என்னும் பச்சை நிற மெருகுப் பொடி பூசிய தனி வாரில் பத்துப் பதினைந்து ஓட்டங்களோ கொடுத்தால் கூர் திரும்பும். நாளும் மழிப்பவருக்கு இது சில மாதங்களுக்கு ஒருமுறை வரும். அதற்கு முன்பே கூர் போனால் பெரும்பாலும் காரணம் தண்ணீர்க் குழாய்தான்: அலகை அலசும்போது வாய் குழாயின் உலோகத்தில் ஒரு கணம் பட்டால் போதும், பல் விழும். ஆகவே குழாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து அலசுங்கள். கத்தி கைநழுவினால் பிடிக்கப் பாயாமல் கையையும் காலையும் விலக்கிக்கொள்ளுங்கள். அலசிய அலகை மென்துணியில் முதுகிலிருந்து வாய்ப்பக்கமாகத் துடைத்து, பிடியோடு சேரும் ஆணிப்பக்கத்து ஈரத்தையும் ஒற்றி எடுத்து, சில நாட்கள் பயன்படுத்தாமல் வைப்பதானால் ஒரு சொட்டு மினரல் ஆயில் தடவி, குளியலறைக்கு வெளியே, குழந்தைகள் கைக்கு எட்டாத உலர்ந்த இடத்தில் மடக்கி வையுங்கள்.